என் மனைவியின் சவூதிப் பெட்டி

என் மனைவியின் பெட்டியை நான் தொடக் கூடாது என்று சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். அதை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது நான் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தேன். பூச்சட்டிக்கும் தரைச்சக்கரத்துக்கும் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி என்று நாள் முழுக்கப் புழங்கிவிட்டு, சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது முழங்கை வரை வெள்ளி பூசியது போல மின்னும். குளித்தால் போய்விடும். நகக்கண்ணிலும் காது மடலுக்குப் பின்னாலும் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். நாலு வயது மகள் என் காதைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, இங்கன இன்னும் மின்னுது" என்பாள்.

என் மனைவி விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காட்டு வேலைக்கும் பிறகு தீப்பெட்டி ஆபீசுக்கும் போய் அவளைப் படிக்க வைத்தவர்கள் அவளுடைய அம்மாவும் அப்பாவும். சவூதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் நர்சுகள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்னைக்குப் போய் நேர்காணலில் தேறிவிட்டு வந்தாள். "போகட்டுமா?" என்று கேட்டபோது "போ" என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போவேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன்.

பெட்டியைப் பற்றிய பேச்சு வேனில்தான் வந்தது. சீசன் தொடங்கிவிட்டதால் வேனில் நிற்கவும் இடமில்லை. என்னோடு பல வருடமாக வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் தோளை இடித்துச் சொன்னார்.

"ஏலே, ஒன் வீட்டுக்காரி பிளைட்டுல போகுதாமே. பெட்டிய நீ தொட்டுறாதலே."

"ஏன்ணே?"

"நம்ம கை வாடை பெட்டில ஏறியிருந்தா அங்கன மிஷினு கண்டுபிடிச்சிரும். வெடிகுண்டு வச்சிருக்கியான்னு பிடிச்சு உக்கார வச்சிருவான். திருத்தங்கல்காரன் ஒருத்தனுக்கு அப்படித்தான் பிளைட்டே போயிருச்சு."

முன்னால் நின்ற இன்னொருவர் திரும்பி, அந்த ஆள் திருத்தங்கல் இல்லை, சாத்தூர் என்றார். போனது துபாய்க்கு என்று ஒருவர், மலேசியாவுக்கு என்று ஒருவர். அவனுடைய செருப்பைக்கூடக் கழற்றி மோந்து பார்த்தார்கள் என்று டிரைவர் சேர்த்துக்கொண்டார். அந்த ஆளை நேரில் பார்த்தவர் வேனில் ஒருவரும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன். அவள் உருட்டிய கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நான் பெட்டியத் தொடல" என்றேன்.

"ஆமா, தொடாதீக" என்றாள். "இந்த வீட்டுல வச்சுக் கட்டவும் வேண்டாம்."

அவ்வளவுதான். மறுநாளே பெட்டி வீட்டை விட்டுப் போய்விட்டது. சக்கரம் வைத்த, நீலத் துணிப் பெட்டி. மதுரையில் போய் அவளே வாங்கி வந்தது, ஒரு வாரம் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் சிவகாசி டவுனுக்குள் இருந்த ஓர் அக்கா வீட்டில் வைத்தாள். அந்த அக்காவின் கணவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மூத்த மகன் சவூதியில் இருந்தான். அக்கா வயிற்று ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் மனைவிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பழக்கம். அக்கா மெக்காவுக்கு உம்ரா செய்ய ஒரு தடவையும் மகனைப் பார்க்க ஒரு தடவையும் போய் வந்தவர் என்பதால், பெட்டி கட்டுவதில் அவர் சொல்வதுதான் சட்டம்.

எங்கள் வீட்டில் என் சட்டையும் அவள் சேலையும் ஒரே கொடியில் காயும், ஒரே பீரோவில் இருக்கும். அதனால் எடுத்துப் போக வேண்டிய துணிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி அக்கா வீட்டுக்குக் கொண்டு போய், அங்கே மறுபடி துவைத்து, அவர்கள் மொட்டை மாடியில் காயப்போட்டாள். டியூட்டி முடிந்து விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் நேராக அங்கே போய்விடுவாள். மகளையும் என் மாமியார் அங்கே கொண்டு வந்து விட்டுவிடுவார். நான் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும்.

நான் கையைத் தேய்த்தேன். எலுமிச்சம் பழம், புளி, சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டி ரத்தம் வந்தது. பிறகு தலை துவட்டி, வேறு சட்டை போட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். வாசல் படியிலேயே நின்றுகொள்வேன்.

"உள்ள வாங்க தம்பி, ஏன் அங்கனயே நிக்கிறீக?" என்பார் அக்கா.

"இருக்கட்டும்க்கா."

உள்ளே தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்து அதன் நடுவில் பெட்டி திறந்து கிடக்கும். சுற்றிலும் பொட்டலங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மோர் மிளகாய், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், சின்னக் குக்கர் ஒன்று. பொடிகளைப் பாலிதீன் பையில் கொட்டி, வாயை மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டுவார் அக்கா. அதன் மேல் இன்னொரு பை. அந்தச் சுடரைப் பார்த்தாலே நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிடுவேன். மருந்து அறையில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் பழக்கம் விடாது.

"கருவாடு மட்டும் வேண்டாம்டி. எந்தச் சுருட்டுச் சுருட்டுனாலும் பெட்டி பூராம் நாறும். ஒரு தடவ கொண்டு போய் நான் பட்ட பாடு போதும்" என்பார்.

"எங்கம்மா ஆசையா வாங்கியாந்துருக்காகக்கா."

"ஒங்கம்மாவ நீ போன பெறகு வறுத்துச் சாப்பிடச் சொல்லு."

எனக்கும் ஏதாவது அந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் போல இருந்தது. கடைத்தெருவில் அலைந்து, ஒரு டார்ச் லைட் வாங்கினேன். பாட்டரி வேண்டாம் என்று அக்கா திருப்பி அனுப்பினார். ஒரு போர்வை வாங்கினேன். இடம் பிடிக்கும் என்றார்கள். காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். அவனிடம் சொல்லி வரப்போகிற வருடத்துத் தினசரிக் காலண்டர் ஒன்றை முதல் லாட்டிலேயே வாங்கினேன். காகிதத்தில் சுற்றியபடியே, என் கை படாமல், பையோடு கொண்டு போய்ப் படியில் வைத்தேன். அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, சாமி படம் போட்டதெல்லாம் அங்கன கொண்டு போகப்படாது. பிடுங்கி வச்சுக்கிருவாங்க" என்றார். திரும்பவும் பிரஸ்ஸுக்கு ஓடினேன். நண்பன் அட்டையை நீக்கி, தேதித் தாள் கட்டை மட்டும் தனியாகத் தைத்துக் கொடுத்தான். அதை வாங்கி எடை பார்ப்பது போலக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இத வப்போம்" என்றாள் என் மனைவி. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியது.

ஆனால் ஒரு நாள் சண்டை வந்துவிட்டது. அன்று நான் போனபோது பெட்டி வாசலுக்குப் பக்கத்தில், எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. என் மகள் அதன் மூடிமேல் ஏறப் போனாள். விழுந்துவிடுவாள் என்று நான் உள்ளே ஓர் எட்டு வைத்தேன்.

"கிட்ட வராதீக! அங்கனயே நில்லுங்க!" என்று மனைவி கத்தினாள்.

அக்காவின் மருமகள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் படி இறங்கி மொபெட்டில் உட்கார்ந்துகொண்டேன். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து ஏறினாள். ஊரைத் தாண்டி வெட்டவெளி வந்ததும் வண்டியை நிறுத்தினேன்.

"எங்கப்பன் காலத்துல ஊர்க்காரங்கதான் எங்கள எட்டி நில்லுன்னு சொன்னாங்க. கிணத்தத் தொடாத, கிளாஸத் தொடாதன்னு சொன்னாங்க. இப்ப நீ சொல்ற. நாலு பேருக்கு முன்னாடி."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு லோடு லாரி எங்களைக் கடந்து புழுதி கிளப்பிவிட்டுப் போனது. அந்தப் புழுதி அடங்கியதும் அவள் நின்றாள்.

"எங்கப்பனுக்கு மட்டும் என்ன, உக்கார வச்சா சோறு போட்டாக? எனக்குத் தெரியாதா அது?" என்றாள். "நான் ஒங்களத் தள்ளி வைக்கல. எனக்குப் பயமா இருக்கு. அங்கன வச்சு என்னத் திருப்பி அனுப்பிட்டா, இன்னொரு தடவ கெளம்புற தெம்பு எனக்கு வராது. இந்தப் புள்ளய விட்டுட்டு ஒரு தடவதான் என்னால போக முடியும்."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். வீடு வந்து சேரும் வரை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகும் நான் பெட்டியின் பக்கம் போகவில்லை. அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் எடை போட்டார்கள். ஜவுளிக்கடைக்குப் பின்னால் பிரஸ் கழிவுக் காகிதம் வாங்குகிற ஒரு கிடங்கு இருந்தது. அந்தத் தராசில் அக்காவின் கணவர் பெட்டியை ஏற்றினார். இருபது கிலோதான் விடுவார்கள். கூடுதலாக இருந்தது. ஒரு துண்டையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடுத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். முள் இருபதைத் தொட்டு நின்றது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது போதாது என்று தோன்றியது. "இன்னும் கொஞ்சம் கொறைக்கலாமே" என்றேன். யாரும் கேட்கவில்லை. அக்கா கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார், எல்லோருடைய பெட்டியும் நீலமாகத்தான் வரும், அடையாளம் வேண்டும் என்று.

விமானம் திருவனந்தபுரத்திலிருந்து, சாயங்காலம். காலை வெளிச்சம் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவு. பட்டாசு ஆட்கள் ஏறாத வண்டியாக வேண்டும் என்று நான் விருதுநகரில் போய் ஓர் அம்பாசடர் பேசி வைத்திருந்தேன். வண்டி வந்த பிறகுதான் தெரிந்தது, டிக்கி முழுக்க கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார் டிரைவர். வண்டியே கேஸில் ஓடுகிறதாம். பெட்டியை மேலே கேரியரில் வைத்துக் கட்டினார்.

"மேல வேண்டாமே" என்றேன்.

"பின்ன எங்கன வக்க? மடியிலயா?" என்றார்.

பெட்டியைத் தூக்கியது அவர்தான், கட்டியதும் அவர்தான். நான் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைப் பார்த்தேன், கை வைக்கவில்லை. அன்று நான் புதுச் சட்டை, புது வேட்டி. முந்தின நாள் கம்பெனிக்குப் போகவில்லை. இருந்தும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முன்னால் டிரைவர் பக்கத்தில் நான். பின்னால் மனைவி, மகள், மாமியார். ராஜபாளையம் தாண்டும்போது நல்ல வெயில். தென்காசியில் இட்லி சாப்பிட்டோம். மனைவி ஒன்றோடு எழுந்துவிட்டாள். நான் சாப்பிடாமல் வெளியே வந்து, கேரியரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். செங்கோட்டையைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. மலை ஏறத் தொடங்கியதும் சாரல். ஆரியங்காவு வளைவுகளில் அது மழையாகிவிட்டது.

"மேல தார்ப்பாய் போட்டீகளா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"சாரல்தான, காஞ்சிரும்."

"நிறுத்துங்க. போட்டுருவோம்."

"இந்த வளைவுல நிறுத்த முடியாதுங்க. அங்கிட்டு எறக்கத்துல பாத்துக்குவோம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. எதிரே மரம் ஏற்றி வந்த லாரிக்கு வழிவிட வண்டியை ஓரமாக ஒடித்தார். ஒரு மரக்கிளை மேலே உரசியது. கயிறு அறுந்து கண்ணாடியில் அடித்தது. பின்னால் தொம்மென்று ஒரு சத்தம்.

"ஐயோ, விளுந்துருச்சு!" என்று மாமியார் அலறினார்.

வண்டி நிற்பதற்கு முன்பே நான் குதித்துவிட்டேன். பெட்டி நடு ரோட்டில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் உடைந்து தனியாக உருண்டுகொண்டிருந்தது. மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கி வந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. ஓடிப் போய் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினேன். பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. பெட்டியின் ஒரு மூலையில் ஜிப் பிளந்து, உள்ளேயிருந்து மஞ்சள் சேலை ஒன்றின் நுனி எட்டிப் பார்த்தது. அதை விரலால் உள்ளே தள்ளினேன். என் தோளில் கிடந்த துண்டால் பெட்டியை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். அப்புறம்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அது வீட்டுக் கொடியில் என் வேலைச் சட்டையோடு கிடந்த துண்டு. கிளம்பும்போது கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

மனைவி மழையில் நனைந்துகொண்டே என் எதிரில் வந்து நின்றாள். அவளும் அந்தத் துண்டைத்தான் பார்த்தாள்.

"தொட்டுட்டேன்" என்றேன்.

"ஒங்களுக்கு அடி எதுவும் படலயே?" என்றாள். "வாங்க, வண்டியில ஏறுங்க. வர்றது வரட்டும்."

அதற்குப் பிறகு பெட்டி என் மடியில்தான் வந்தது. டிரைவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் துணி என் வேட்டியை நனைத்தது. முன்னால் ரோடு தெரியாத அளவுக்கு அது என் முகத்துக்கு நேரே இருந்தது. புனலூர் வரை, அதற்கும் அப்பால், மனைவி பின்னாலிருந்து கையை நீட்டி என் தோளில் வைத்திருந்தாள். இத்தனை நாள் எட்டி நின்றதற்கெல்லாம் சேர்த்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் மனசு லேசாக இருந்தது. இன்னொரு பக்கம், இவள் பயணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

விமான நிலையத்தில் டிக்கெட் இருக்கிறவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். மனைவி மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அம்மாவின் காலைத் தொட்டாள். என்னிடம், "உள்ள போயிட்டுப் போன் பண்றேன். இங்கனயே இருங்க" என்று மட்டும் சொன்னாள். மூன்று சக்கரமே மிஞ்சியிருந்த பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள்.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நடந்தேன். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவேன். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பேன், வெளியில் நிற்கிறவர்களின் உருவம்தான் தெரியும். உள்ளே எங்கே ஒரு மணி அடித்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு போலீஸ்காரர் வேகமாக உள்ளே போனார், அவளைப் பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தார். மகள் பசிக்கிறது என்றாள். மாமியார் அவளுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். நான் அந்தத் துண்டைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும்தான் போட்டேன்.

அப்போது என் மனைவி கதவுக்கு அருகே வந்து நின்று கையை ஆட்டுவது தெரிந்தது. பக்கத்தில் பெட்டி. முடிந்துவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். தடுப்புக்கு மேலாக உடம்பை வளைத்துக் கேட்டேன்.

"மிஷினு பிடிச்சிருச்சா?"

"மிஷினா? அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. பெல்ட்டுல போட்டாங்க, அங்கிட்டு வந்துச்சு. எடை கூடிப்போச்சு. துணியெல்லாம் தண்ணி குடிச்சிருக்குல்ல. நாலு கிலோ கூட நிக்குது. கொறைச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க."

அதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. காவலுக்கு நின்றவர் மலையாளத்தில் சீக்கிரம் என்றார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். எங்களுக்கு நடுவில் அந்தக் கம்பித் தடுப்பு.

"எத எடுக்க? சொல்லுங்க."

"குக்கர எடு."

"குக்கர் வேணும். அங்கன நான் பொங்கித் திங்கணும்."

"காலண்டர எடுத்துரு, கனமா இருக்கும்."

"அது இருக்கட்டும்." அவள் அதைத் தொடக்கூட இல்லை. இரண்டு கையாலும் சேலைகளை அள்ளினாள். மஞ்சள், பச்சை, ஜவுளிக்கடை அக்கா எடுத்துக் கொடுத்த ஊதா. எல்லாம் ஈரத்தில் கனத்துத் தொங்கின. ஒவ்வொன்றாகத் தடுப்புக்கு மேலே என் கையில் கொடுத்தாள்.

"ஏ புள்ள, கட்டிக்க ஒண்ணாச்சும் வச்சுக்க."

"டியூட்டிக்கு யூனிபாரம். ரூமுல நைட்டி. அங்கன யாருக்குச் சேல கட்டிக் காட்டப் போறேன்?" என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கடைசியாக இருந்த ஒரு நூல் சேலையை மட்டும் திரும்ப உள்ளே வைத்தாள். பெட்டியைச் சாத்தி, பிளந்திருந்த மூலையைக் கையால் அமுக்கிக்கொண்டு தள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் செல்லுக்குப் போன் வந்தது. "சரியாப் போச்சு. உள்ள விட்டுட்டாங்க. நீங்க கெளம்புங்க, மலைப்பாதை, இருட்டுறதுக்குள்ள எறங்கிருங்க" என்றாள்.

ஈரச் சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மறுநாள் காலையில் அவற்றை வீட்டு வாசல் கொடியில் காயப்போட்டுவிட்டு, கம்பெனிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போன ஒரு பெண் கொடியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னண்ணே, மதினி போகலையா?"

"போயிட்டா."

"பின்ன சேலையெல்லாம் கெடக்கு?"

எடை கூடிவிட்டது என்றேன். அவள் நம்பாமல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்து இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் தெருவே கேட்டுவிட்டது. மருந்து வாடையால் ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வேனில் பேச்சு வந்ததாக அந்த அண்ணன் சாயங்காலம் வந்து விசாரித்தார். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன். "அப்படியா? பெட்டி?" என்றார். பெட்டியும் போய்விட்டது என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சேலைகள் காய்ந்த பிறகு மாமியார் மடித்து பீரோவில் வைத்தார். என்னால் அந்த வாசலில் உட்கார முடியவில்லை. மறுநாளே கம்பெனிக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருடம் என்று போனவள், ஒப்பந்தத்தை நீட்டித்து மூன்றாவது வருடமும் இருந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை போன். அங்கே ஏசி அறையில் காற்றாடிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்பாள். குக்கரில் பருப்பு வைத்ததைச் சொல்வாள். லைன் கட்டாகும். நான் அந்த வருடங்களில் இரண்டு கம்பெனி மாறினேன். ஒரு சீசனுக்கு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வந்தேன். கடைசியில் மருந்து அறையை விட்டுவிட்டு, நண்பனுடைய பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் சேர்ந்தேன். எங்கே இருந்தாலும் வேறெங்கோ போக வேண்டியவன் போலத்தான் இருந்தது. மகள் என் மாமியாரிடம் வளர்ந்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள், பல் விழுந்து முளைத்தது.

மனைவி திரும்பி வந்த நாளில் நானும் மகளும் பஸ்ஸிலேயே திருவனந்தபுரம் போனோம். கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு அவள் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், வெளுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். விருந்தாளியைக் கூப்பிடுகிறது போல, "வாங்க" என்றாள்.

என் மனைவி தரையில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தாள். தொடவில்லை. காத்திருந்தாள்.

மகள் பெட்டிகளையும் அவளையும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "திரும்ப எப்பம்மா போவீக?"

"இனிமே போகல."

"பொய்."

"பொய்யில்லடி. சாமி சத்தியமா. இனிமே இங்கனதான்."

மகள் பெட்டிகளை விரல் நீட்டி எண்ணினாள். "அப்ப எதுக்கு இம்புட்டுப் பெட்டி?" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பேசப் போனேன். திரும்பி வந்தபோது மகள் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள், மனைவி அவளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.